காவல் நிலையத்தின் தரம்: கோவில்பட்டி வட்டாரம் சொல்லும் வரலாறு

ஒரு காவல் நிலையம் நல்ல நிலையமா என்பதைச் சொல்ல அரசிடம் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. காவலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம், நிலையாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றில் எழுதி வைத்திருப்பது முதலாவது. நன்றாகப் பணியாற்றியவர் என்று அரசு யாரைத் தேர்ந்தெடுத்துப் பதக்கமும் கோப்பையும் கொடுக்கிறது என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே நடத்தையை வேண்டினால் நிலையம் நேராக நடக்கும். ஒன்று கேட்பதை மற்றது எண்ணிக்கையிலேயே சேர்க்காவிட்டால், விதிகள் அலமாரியில் இருக்கும்; நிலையம் தன் வழியில் போகும். இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதைக் கோவில்பட்டி சார்ந்த கரிசல் வட்டாரத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று விரியும் இந்தப் பகுதி மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய். பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் வேலை அல்லது வெளியூர்ப் பிழைப்பு. காவல் நிலையத்துக்கு வரும் விவகாரங்களும் இந்த வாழ்க்கையிலிருந்தே வருகின்றன. பொழித் தகராறு, ஆடு திருட்டு, கொடுக்கல் வாங்கல், கோயில் கொடையில் யாருக்கு முதல் மரியாதை என்ற சச்சரவு, நாற்கரச் சாலையில் விபத்து. மனு எழுதிக்கொண்டு வருகிறவர் நிலையத்தின் தரத்தைச் சட்டப் புத்தகத்தில் பார்ப்பதில்லை. வாசலில் பாரா நிற்கும் காவலர் என்ன கேட்கிறார், ரைட்டர் உட்காரச் சொல்கிறாரா, மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கையில் கிடைக்கிறதா, அல்லது “நாளைக்கு வா” என்ற பதில் கிடைக்கிறதா என்பதில்தான் பார்க்கிறார். அந்த நான்கைந்து நிமிடங்களைத் தீர்மானிப்பவர் நிலையத்தின் ஆய்வாளர். உள்ளூர்க் காவலில் தலைமை என்று சொல்லும்போது முதலில் எண்ண வேண்டியது அவரைத்தான்.

காவலுக்குத் தர அளவு வைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் தேசக்காவல், ஸ்தலக்காவல் என்ற இரு முறைகள் இருந்தன. ஊர்கள் காவல் வரி கொடுத்தன. களவு போன மாட்டையோ தானியத்தையோ காவல்காரர் மீட்டுத் தர வேண்டும்; முடியாவிட்டால் இழப்பை அவரே ஈடுகட்ட வேண்டும். எழுதப்படாத இந்த நிபந்தனையில் பொறுப்பேற்பு என்ற கருத்து முழுமையாக இருந்தது. அதன் கெட்ட பக்கமும் சிறிதல்ல. மாட்டை மீட்டுத் தரத் துப்புக்கூலி கேட்கும் வழக்கம் வளர்ந்தது. காவல் வரி கொடுக்காத ஊரில் களவு தானாக நடந்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு, 1801-ல் பாளையங்கள் அடக்கப்பட்ட பிறகு, பாளையக்காரர்களின் காவல் உரிமைகளைக் கிழக்கிந்தியக் கும்பினி எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டதை அது யாரிடம் கொடுத்தது என்பதே முக்கியமான செய்தி. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வரி வசூலிக்கும் வருவாய் அலுவலர்களிடமே காவல் அதிகாரமும் சேர்ந்தது. கிராமத் தலைவர் தொடங்கி, தாசில்தார் வழியாக, மாவட்டக் கலெக்டர் வரை ஒரே சங்கிலி. வரி கேட்கும் கையும் குற்றவாளியைப் பிடிக்கும் கையும் ஒன்றானபோது என்ன நடக்கும் என்பதற்கு 1855-ல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையத்தின் அறிக்கை சான்று. வரி வசூலுக்கும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் மக்கள் துன்புறுத்தப்பட்டதை ஆணையம் உறுதி செய்தது. இரண்டு கட்டைகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, உடலை வளைத்துக் கட்டி மணிக்கணக்கில் நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’ ஆகிய தமிழ்ச் சொற்கள் அப்படியே ஆங்கில அறிக்கைக்குள் போயின. அந்த அறிக்கைக்குப் பின் வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். அதுவே சென்னை மாவட்டக் காவல் சட்டம். வருவாய்த் துறையிலிருந்து காவல் பிரிக்கப்பட்டுத் தனித் துறையானது. வில்லியம் ராபின்சன் முதல் காவல் தலைமை ஆய்வாளரானார். தமிழ்நாடு காவல் துறை என்று இன்று நிற்கும் அமைப்பு, காவலில் நடந்த கொடுமையை ஒழிப்பதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பிறப்புச் சான்றிதழ் போன்ற இந்த உண்மையைக் காவலர் பயிற்சிப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும்.

பிந்தைய காலத்தில் எழுத்து விதிகளுக்குக் குறைவே இல்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பு, கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை என்று படிப்படியாக வகுத்தது. ஏழாண்டு வரை மட்டுமே தண்டனை தரக்கூடிய குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, கைது ஏன் தேவை என்று எழுத்தில் காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை நடுவரும் பார்க்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கின் தீர்ப்பு வலியுறுத்தியது. காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்ற திருத்தம் 2006-ல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை விதிகளும் ஏட்டில் இருந்த காலத்தில்தான் சாத்தான்குளம் நடந்தது.

2020 ஜூன் 19, கொரோனா ஊரடங்குக் காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கைபேசிக் கடையைக் குறித்த நேரத்துக்குப் பிறகும் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி வணிகர் ஜெயராஜைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். தந்தையைத் தேடி நிலையத்துக்குப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். இருவரும் அன்றிரவு நிலையத்திலேயே இருந்தார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் உடற்தகுதிச் சான்று வாங்கப்பட்டது. நடுவர் நீதிமன்றக் காவலுக்கு உத்தரவிட்டார். அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அவர்கள் கொண்டுவரப்பட்டனர். சிறையின் சேர்க்கைப் பதிவில் காயங்கள் குறிக்கப்பட்டன. ஜூன் 22 இரவு பென்னிக்ஸும், 23 அதிகாலை ஜெயராஜும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தனர்.

கைதுக்கும் மரணத்துக்கும் இடையே எத்தனை கைகள் என்று எண்ணிப் பார்த்தால் தரம் என்ற சொல்லின் பொருள் விளங்கும். கைது செய்த உதவி ஆய்வாளர், நிலையப் பொறுப்பிலிருந்த ஆய்வாளர், எஃப்.ஐ.ஆர். எழுதியவர், சான்று கொடுத்த மருத்துவர், ரிமாண்ட் செய்த நடுவர், வழிக்காவல் போனவர்கள், சிறை அலுவலர். இவர்களில் யாராவது ஒருவர் தமக்குரிய விதியை முழுமையாகக் கடைப்பிடித்திருந்தால் இருவரும் பிழைத்திருக்க வழி உண்டு. முதல் தகவல் அறிக்கையோ, இருவரும் தரையில் புரண்டதால் ஊமைக்காயம் பட்டது என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. கடைத்தெருவின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வெளிவந்தபோது அப்படி ஒரு புரளலும் அதில் இல்லை. பதிவேட்டில் பொய் எழுதுவது சிறிய ஒழுங்கீனம் அல்ல. அடுத்த கண்காணிப்பு ஒவ்வொன்றையும் குருடாக்குவது அந்த ஒரு வரிதான்.

சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வின் உத்தரவின் பேரில், கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் ஜூன் 28 அன்று சாத்தான்குளம் நிலையத்துக்கு நேரில் போனார். அங்கே அவர் கண்டதை அறிக்கையாக அனுப்பினார். கேட்ட பதிவேடுகள் தாமதமாகக் கொடுக்கப்பட்டன. ஒரு காவலர் நடுவரையே ஒருமையில் இழித்துப் பேசினார். கேமராவின் வன்தட்டில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தும், அன்றாடப் பதிவு அன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. 19-ஆம் தேதி இரவின் காட்சி எதுவும் மிஞ்சவில்லை.

அந்த நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் மட்டும் நடந்ததைச் சொன்னார். விடிய விடிய அடி விழுந்தது, லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அதை அழித்துவிடக்கூடும் என்றார். வாக்குமூலத்தில் கையெழுத்திட அவர் நெடுநேரம் தயங்கினார். வெளியே சக காவலர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது தயங்காதவர் யார்? பிறகு கையெழுத்திட்டார். உயர்நீதிமன்றம் அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு வழங்க உத்தரவிட்டது. தொழில் தரம் என்பதற்கு இந்த வழக்கில் ஒரு முகம் தேட வேண்டுமென்றால், நிலையத்தின் அதிகாரப் படிநிலையில் கீழே இருந்த அந்தத் தலைமைக் காவலரிடம்தான் அது இருந்தது. தலைமை தோள்பட்டை நட்சத்திரத்தோடு வருவதில்லை என்பதை அந்தக் கையெழுத்து நிறுவிவிட்டது.

சான்றுகளைக் காப்பாற்றுவதற்காக, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. சித்திரவதையை ஒழிக்க வேண்டுமென்று 1859-ல் வருவாய்த் துறையிடமிருந்து பிரிக்கப்பட்ட காவல், 161 ஆண்டுகள் கழித்து, சித்திரவதைக்கான சான்று அழியாமல் இருக்க வேண்டுமென்று அதே வருவாய்த் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. கொலை வழக்காக மாற்றிக் கைதுகளைத் தொடங்கியது. பின்னர் சி.பி.ஐ. விசாரணையை ஏற்று, அந்த ஆண்டு செப்டம்பரில் ஆய்வாளர் உள்ளிட்ட ஒன்பது காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இதைத் தனியொரு நிலையத்தின் கறையாக ஒதுக்கிவிட இடமில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் பகுதியின் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான காவலர்கள் புகுந்து தலித் மக்களின் வீடுகளையும் பொருள்களையும் நாசப்படுத்தினர். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த சம்பாத்தியம் ஒரே நாளில் போனது. 2018 மே 22-லும் மறுநாளும் தூத்துக்குடியில் காவல் துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல் துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஒரே மாவட்டத்தில் கால் நூற்றாண்டுக்குள் நடந்தவை இவை.

இனி இரண்டாவது அளவுகோலுக்கு வரலாம். தமிழ்நாட்டுக் காவலருக்குக் கிடைக்கும் அங்கீகாரங்கள் பல. குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் குடியரசுத் தலைவரின் தகைசால் பணிக்கான பதக்கம், மெச்சத்தகுந்த பணிக்கான பதக்கம்; பொங்கலை ஒட்டி முதலமைச்சரின் காவல் பதக்கங்கள்; அண்ணா பிறந்த நாளில் அண்ணா பதக்கம்; கள்ளச்சாராய ஒழிப்புக்குக் காந்தியடிகள் காவலர் பதக்கம்; சிறந்த நிலையங்களுக்கு முதலமைச்சர் கோப்பை; 2018 முதல் சிறந்த புலனாய்வுக்காக ஒன்றிய உள்துறை அமைச்சரின் பதக்கம். மாநிலக் காவல் துறை முழுமைக்குமான குடியரசுத் தலைவர் கொடி 2022 ஜூலை 31 அன்று சென்னையில் வழங்கப்பட்டது. நிலையத்துக்குள்ளேயே, ஒரு வழக்கைத் துப்பு துலக்கினால் வெகுமதியும் பணிப்பதிவேட்டில் நற்பணிக் குறிப்பும் உண்டு. தவறினால் மெமோ, அதற்கு மேல் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 3(பி) பிரிவில் குற்றச்சாட்டு. பதவி உயர்வுக் காலத்தில் இந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

இந்த அங்கீகாரங்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இரவு ரோந்து, கொடைக் காலப் பந்தோபஸ்து, நெடுஞ்சாலையில் சிதறிக் கிடக்கும் உடலைத் துணி சுற்றி எடுப்பது எனக் காவலர் செய்யும் வேலைக்கு ஊர் நன்றி சொல்வது அபூர்வம். பத்தாண்டு அப்பழுக்கற்ற பணிக்காக ஒரு முதல்நிலைக் காவலரின் சட்டையில் குத்தப்படும் பதக்கம் அவர் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்குவதில் நியாயம் இருக்கிறது. கேள்வி வேறு: இவை எதை எண்ணுகின்றன?

ஒன்றிய உள்துறை 2016 முதல் ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த காவல் நிலையங்களைத் தரவரிசைப்படுத்துகிறது. தமிழ்நாட்டின் நிலையங்கள் அதில் தொடர்ந்து இடம் பெற்றிருக்கின்றன. கோவை ஆர்.எஸ். புரம், பெரியகுளம் அனைத்து மகளிர், தேனி அனைத்து மகளிர் நிலையங்கள் பெயர் பெற்றன. 2020-ன் பட்டியலில் சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையம் நாட்டிலேயே இரண்டாம் இடம் பிடித்தது. சாத்தான்குளமும் அதே 2020, அதே மாநிலம். சொத்துக் குற்றங்கள், பெண்களுக்கு எதிரான குற்றங்கள், நலிந்த பிரிவினருக்கு எதிரான குற்றங்கள், காணாமல் போனோர், அடையாளம் தெரியாத உடல்கள் ஆகியவை பற்றிய தரவுகள் மதிப்பெண்ணின் பெரும்பகுதி. கட்டட வசதியும் பொதுமக்கள் கருத்தும் எஞ்சிய பகுதி. இவை பயனுள்ள அளவைகளே. ஆனால் காவலில் வைக்கப்பட்டவர் எப்படி நடத்தப்பட்டார் என்பது இந்தத் தலைப்புகளில் ஒன்றாக இல்லை. மத்தியப் பதக்கங்களின் விதிகளில், படைக்கு இழுக்கு தேடும் நடத்தை இருந்தால் பதக்கத்தைத் திரும்பப் பெறலாம் என்ற பிரிவு உண்டு. கெட்ட பெயர் வந்த பிறகு பறிப்பது அது. கெட்டது நடக்காமல் பார்த்துக்கொண்டவரை அடையாளம் காண அதனால் முடியாது. மீட்ட நகையை மேசையில் பரப்பிப் படம் எடுக்கலாம். அடி வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிய மனிதரை அப்படிப் படம் எடுக்க முடியாது. இந்தக் கோளாறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கரிசல் காட்டை அடுத்த ராமநாதபுரத்திலிருந்து கிடைக்கும் பாடம் வேறு வகையானது. 1993-ல் அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், பொதுமக்களை நிலையத்தின் அன்றாடப் பணியோடு இணைக்கும் ‘காவல் நண்பர்கள்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற பெயரில் அது மாநிலம் முழுவதும் பரவியது. அதற்காக அவருக்கு பிரிட்டன் அரசியின் பெயரிலான விருதும் கிடைத்தது. ஒரு மாவட்ட அதிகாரியின் முயற்சி உலக அளவில் பாராட்டப்பட்ட அரிய நிகழ்வு அது. சாத்தான்குளம் வழக்கில் தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தபோது, 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு அந்த இயக்கத்துக்குத் தடை விதித்தது. தொடங்கியவரின் நோக்கம் பழுதில்லாதது. விருது ஒருவரைச் சேர்கிறது. தரமோ ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு நாளும் மேற்பார்வை செய்யப்பட வேண்டியதாக இருக்கிறது. மேற்பார்வை தளர்ந்த இடத்தில் நல்ல திட்டமும் கைமாறிப் போய்விடும்.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை அமைப்பின் வழியாக அணுகியிருக்கின்றன. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டின் காவல், குற்றவியல் சான்றுச் சட்டம், காவல் பொறுப்பு அலுவலர் என்ற பதவியை உருவாக்கியது. கைதானவரின் பாதுகாப்புக்கு அவரே பொறுப்பு; அந்த வழக்கின் புலனாய்வில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. பிடித்து வந்தவரும் பார்த்துக்கொள்பவரும் வேறு வேறு ஆள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் முன்னறிவிப்பின்றிக் காவல் அறைகளைப் பார்வையிடுகிறார்கள். காவல் படைகளை ஆய்வு செய்யும் தனி அமைப்பு ஒவ்வொரு படைக்கும் தர நிலை கொடுத்து வெளியிடுகிறது. அங்கே தவறே நடப்பதில்லை என்பதல்ல. தவறு நடந்தால் அந்த நேரத்தில் பொறுப்பு யாருடையது என்று பதிவேடு பெயர் சொல்லும்.

இந்தியாவில் பிரகாஷ் சிங் வழக்கின் தீர்ப்பு 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகளை இட்டது. அவற்றில் இரண்டு உள்ளூர்த் தலைமைக்கு நேரடியாகத் தொடர்புடையவை. மாவட்டக் கண்காணிப்பாளரும் நிலையப் பொறுப்பு அதிகாரியும் குறைந்தது இரண்டாண்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவலர் மீதான புகார் ஆணையம் வேண்டும். தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. ஆனால் மாநிலப் புகார் அமைப்பின் தலைமையில் உள்துறைச் செயலாளரையும், மாவட்டத்தில் கலெக்டரையும் வைத்து, காவல் அதிகாரிகளையே உறுப்பினர்களாக்கியது. கண்காணிப்பாளர் மேற்பார்வையிடும் நிலையத்தின் மீது வந்த புகாரை அதே கண்காணிப்பாளர் உட்கார்ந்து விசாரிக்கும் ஏற்பாடு தீர்ப்பின் நோக்கத்துக்கு நேர் எதிரானது. இதை மாற்றாமல் வேறு எதைச் சீர்திருத்தினாலும் பயன் குறைவு.

சில நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. நிலையத்தின் எந்த மூலையும் விடுபடாமல், ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று உத்தரவிட்டது. காவலர்களுக்கு வார விடுப்பு அளிக்கத் தமிழ்நாடு அரசு 2021-ல் ஆணை பிறப்பித்தது. தூக்கமில்லாமல் தொடர்ந்து பணியில் நிற்கும் காவலரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது; ஆகவே வார விடுப்பும் தொழில் தரத்தின் பகுதியே. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் காவல் ஆணையம் அமைக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் பிறகும் 2025 ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், நகைத் திருட்டுப் புகாருக்காகத் தனிப்படை பிடித்துச் சென்ற கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தார். அதையடுத்து மாநிலம் முழுவதும் முறையான அனுமதி இல்லாத தனிப்படைகள் கலைக்கப்பட்டன. எந்தப் பதிவேட்டிலும் வராமல், எந்தக் கேமராவுக்கும் முன் வராமல் இயங்கும் குழுக்கள் அதுவரை எப்படி இருந்தன என்ற கேள்விக்கு விடை, மேலே சொன்ன மதிப்பெண் முறையில் இருக்கிறது. மீட்பு எண்ணப்பட்டது; மீட்ட விதம் எண்ணப்படவில்லை.

எண்ண வேண்டியவை ஏற்கெனவே ஏட்டில் இருப்பவைதான். கொடுத்த சி.எஸ்.ஆர். எத்தனை, அவற்றில் முடிவு சொல்லப்பட்டவை எத்தனை. ஏழாண்டுக்குட்பட்ட வழக்குகளில் கைதுக்கு எழுதப்பட்ட காரணம் நடுவரால் ஏற்கப்பட்டதா. நிலையப் பொது நாட்குறிப்பின் நேரமும் கேமராவின் நேரமும் ஒத்துப்போகின்றனவா. கிளைச் சிறையின் சேர்க்கைப் பதிவில் எத்தனை பேர் காயத்தோடு வந்தனர், அவர்கள் எந்த நிலையத்திலிருந்து வந்தனர். இந்தக் கடைசிக் கணக்குக்குப் புதிய மென்பொருளோ புதிய ஆணையமோ தேவையில்லை. சிறைக் கதவருகே உள்ள பதிவேட்டைப் புரட்டினால் போதும். முதலமைச்சர் கோப்பைக்கும் நாட்டின் சிறந்த நிலையப் பட்டியலுக்கும் மதிப்பெண் போடும் குழுக்கள், காவலில் எடுக்கப்பட்டவர் உள்ளே வந்தபோது எப்படி இருந்தார், வெளியே போனபோது எப்படி இருந்தார் என்ற தலைப்பைத் தங்கள் தாளின் முதல் வரியில் சேர்க்க வேண்டும். அந்த வரியில் தேறாத நிலையத்தின் மற்ற மதிப்பெண்களைக் கூட்டவே கூடாது.